வலது காலில் ஒரு நாட்டியம்

இல்லம்மா, வீடியோல இடம் வலம் ஒண்ணும் மாறல. நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. எங்க டீச்சர் இந்தப் பள்ளிய ஆரம்பிச்சதுலேருந்து வந்த நாப்பத்தோரு நாட்டியமும் இடது கால்லதான் ஆரம்பிக்கும். கடைசியா வந்த ‘ஈரத்துணி’ங்கற நாட்டியம் மட்டும் வலது கால். டீச்சரப் பத்தி நீங்க எழுதற புத்தகத்துக்கு வேணும்னா சொல்றேன், எழுதிக்குங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

இடது கால் ஏன்னா? இதயம் இருக்கற பக்கம், அது இதுன்னு பெரிய பெரிய கட்டுரையெல்லாம் எழுதியிருக்காங்க. அதெல்லாம் ஒரு மண்ணும் கெடையாது. நான் பண்ண கூத்து அது. தையல் கடைக்கு மேல ஒரே ஒரு ரூம் எடுத்து டீச்சர் ஆரம்பிச்சப்ப மொத மாணவி நான்தான், ஒம்பது வயசு. சுவத்துல கண்ணாடி கெடையாது. எனக்கு நேர் எதிர்ல நின்னு வலது காலத் தூக்குவாங்க. எனக்குப் பாக்க அது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து காலத் தூக்கிடுவேன். ரெண்டு பேருமே கவனிக்கல. கண்டுபிடிக்கறதுக்குள்ள பின்னாடி பதினெட்டு பிள்ளைங்க என்னப் பாத்தே கத்துக்கிட்டாங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னுட்டாங்க டீச்சர்.

அப்புறம் புது நாட்டியம் எல்லாத்தையும் என் உடம்புல வெச்சுத்தான் பண்ணுவாங்க. தையல்காரர் துணி மடிக்கறது, மூட்டை தூக்கறவர் குனியறது, இதையெல்லாம் மேடைக்குக் கொண்டுவந்ததே அவங்கதான? மொதல்ல ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பின்னாடி அதே ஜனங்க க்யூவுல நின்னாங்க. நான் பொம்மை மாதிரி நிப்பேன். கைய இப்படி வெப்பாங்க, தலைய அப்படித் திருப்புவாங்க. அம்பத்திரண்டு வருஷம்.

இல்லம்மா, அழல. டீச்சர் தவறி மூணு வாரம் ஆச்சு, எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எந்திரிக்கறேன், கிளாஸ் எடுக்கறேன். பல்லு தேச்சோமான்னு கூட ஞாபகம் இருக்கறதில்ல.

ஆங், ஈரத்துணி. கடைசி மூணு வருஷம் டீச்சருக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. வெளிய யாருக்கும் சொல்லல. படுக்கைல வெச்சு நான்தான் பாத்துக்கிட்டேன். துணிய நனைச்சு, பிழிஞ்சு, முதுகத் துடைச்சு, புரட்டிப் படுக்க வெச்சு... தினம் நாலு தடவ. ஒரு நாள் பிழிஞ்சுக்கிட்டே இருக்கேன், கை அதுவா ஒரு தாளத்துல போகுது. கீழ ஹால்ல போயி தனியா செஞ்சு பாத்தேன். எதிர்ல யாரும் நிக்கலையா, வலது கால் வந்துடுச்சு.

ஆமாம்மா, நான் பண்ணதுதான். டீச்சர் படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவங்க பேரு இல்லாம யாரு வந்து பாப்பா?

ஒத்திகைக்கு சக்கர நாற்காலில கூட்டிட்டு வந்தேன். கண் கொட்டாமப் பாத்தாங்க. முடிஞ்சதும் என் கையப் பிடிச்சு, நல்லாருக்கே, யாரு பண்ணதுன்னு கேட்டாங்க. அந்த வாயில நல்லாருக்குங்கற வார்த்தைய நான் கேட்டதே இல்ல. சுத்தி பிள்ளைங்கல்லாம் நிக்கறாங்க. நீங்கதான் டீச்சர்னுட்டேன். ஓ, நானான்னு கேட்டுட்டு அவ்ளோ சந்தோஷமா சிரிச்சாங்க.

புத்தகத்துல அவங்க பேரயே போடுங்க. அந்தச் சிரிப்பப் பாத்துட்டேன், இனிமே என்னோடதுன்னு எப்படிம்மா சொல்றது?