மைத்துனன் கேட்டு வாங்கிய முதல் மான்

முதுகுவலிக்காரனுக்குக் குதிரை ஏறுவதுதான் கஷ்டம், ஐயா. மான் வேட்டையில் மற்றதெல்லாம் போகப்போகப் பழகிவிடும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். தலை நரைத்த பிறகு துப்பாக்கி தூக்கினேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுச் சாப்பாடு.

எங்கள் அல்தாய் மலைப்பக்கத்தில் குளிர்காலம் தாண்டுகிறவரை வீட்டில் கறி இருக்க வேண்டும். என் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவன் என் மனைவி குலியாஷின் தம்பி ஒராஸ்கான். நல்ல பையன், அதை நான் மறுக்கவே மாட்டேன். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, "அத்தான், ஸ்க்ரூ டிரைவரை வச்சு இதை வெட்டிருவீங்களா, இல்ல நானே வெட்டிக் குடுத்துட்டுப் போகட்டா?" என்பான். அக்காள் புருஷனைக் கிண்டல் செய்ய மைத்துனனுக்கு எங்களிடம் உரிமை உண்டு. உரிமை என்று ஆனபிறகு கோபித்துக்கொள்ளவும் முடியாது. குலியாஷ் சிரித்துக்கொண்டே பிள்ளைகளிடம், "மாமா கொண்டு வந்த கறிடா, மிச்சம் வைக்காம சாப்பிடுங்க" என்பாள். ஒரு தடவையாவது "அப்பா கொண்டு வந்தது" என்று அவள் வாயால் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அவனிடமே கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். மனசாரச் சொல்லிக்கொடுத்தான். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகத்தான் நடக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் ஆண்மான்கள் இணைதேடிக் கத்தும்போது, நாமும் மரக்குழலில் அதே குரலை எழுப்ப வேண்டும். ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். போட்டிக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று மான் சண்டைக்கு நேரே வரும். என் குழலைக் கேட்டுவிட்டு, "இது ஆண்மான் இல்ல அத்தான், பல்வலி வந்த பசுமாடு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

போன வருடம் தனியாகப் போய் ஒரு மானைச் சுட்டேன். சேணத்தில் கட்டிக்கொண்டு இறங்கும்போது, சொல்ல வெட்கமில்லை, அழுதேன். ஆற்றுத்துறையில் ஒராஸ்கான் எதிரே வந்தான். மானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சிரல்கி!" என்றான்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழிமறித்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், சுட்டதை அவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்றவன் ஊரில் தலை காட்ட முடியாது. "எடுத்துக்கோ" என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்டான், அது எனக்கும் தெரியும். அன்று சாயங்காலமே மான் முழுவதையும் பக்குவமாக வெட்டி என் வீட்டுக்கே கொண்டுவந்தான்.

"அக்கா, அத்தான் சுட்டது இது. சத்தியமா."

"போடா. அவரைத் தூக்கிவிடறதுக்கு நீ பொய் வேற சொல்லணுமா?" என்றாள் குலியாஷ். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, மாமா கறி கொண்டுவந்திருக்கிறார் என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் நானும் அவனும் மலைக்குப் போனோம். ஆளுக்கொரு சரிவு. நல்ல மூடுபனி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குழல் கேட்டது. அவனுடையது அச்சு அசல் மான் குரல். குழல் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் மான் என்று நினைத்துச் சுட்டுக்கொள்வது எங்கள் மலையில் நடந்திருக்கிறது. அதனால் சந்தேகம் வந்தால் சீட்டி அடிக்க வேண்டும். மனிதனாக இருந்தால் பதில் சீட்டி வரும். நான் அடித்தேன். அவனும் உடனே அடித்தான். "இங்கதான் இருக்கேன் அத்தான்" என்று குரலும் கொடுத்தான். புதருக்குள் எந்த இடம் என்று அதுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

ஸ்டேஷனில் நீங்கள் விபத்து என்று கேஸை எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, ஊரே அதைத்தான் சொன்னது. "பாவம், சுடத் தெரியாத மனுசன், கை தவறிப்போச்சு" என்று இழவு வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். குலியாஷும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த வருடம் மறுபடி போனேன். என் துப்பாக்கி உங்களிடம் இருந்ததால் இரவல் துப்பாக்கி. கொழுத்த மான் கிடைத்தது. வாசலில் இறக்கினேன். குலியாஷ் வெளியே வந்து பார்த்தாள்.

"யாரு குடுத்தாங்க?"

"நான் சுட்டேன்."

"தம்பி போயிட்டான்னு பரிதாபப்பட்டு யாரோ குடுத்திருக்காங்க. வாங்கிட்டு வந்தா என்ன, தப்பில்ல. என்கிட்ட எதுக்கு இந்தப் பொய்?"

அதனால்தான் வந்தேன், ஐயா. மனசாட்சி உறுத்தியது, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், நன்றாகத்தான் தூங்குகிறேன். பனிக்குள் ஆளே தெரியவில்லை, குரலை வைத்தே குறி பார்த்தேன், குண்டு நெஞ்சில் போய் நின்றது. கை தவறினால் அப்படிப் போகுமா? அதை அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தோடு போனால் அவள் நம்புவாள். தம்பியை நான்தான் குறி பார்த்துச் சுட்டேன் என்று நம்பிவிட்டால், அந்த மானையும் நான்தான் சுட்டேன் என்று நம்பத்தானே வேண்டும்.