பதினொரு கிழமை வாய் திறக்காத பிள்ளை

விமான நிலையம் இருக்கும் மங்கரே பகுதிக்குப் போகும் காலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை செய்பவர்கள். ஒருவர் யாழ்ப்பாணம், இளையவர் மதுரைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"பதினொரு கிழமையா அந்தப் பிள்ளை வாயே திறக்கேல்லை, தம்பி," என்றார் மூத்தவர்.

"பதினொரு வாரமாவா? எந்தப் பிள்ளைண்ணே?"

"மகளோட இருந்து பாக்கிற ஜப்பான் அனிமேயிலை வாறவள். நல்லாப் படம் கீறுவாள். பக்கத்து மேசைப் பெடியனிலை விருப்பம். அவனைப் படமாக் கீறிக் கீறி ஒளிச்சு வைப்பாள், சொல்லப் பயம்."

"கடைசில சொன்னாளா?"

"நேற்றுச் சொல்லிப்போட்டாள்! நான் எழும்பி நிண்டு கை தட்டினன். பொம்பிளைப் பிள்ளையள் இப்பிடித் துணிவா இருக்கோணும் எண்டு மகளுக்கும் சொன்னன்."

"சூப்பர் அப்பாண்ணே நீங்க."

"பொறும். என்ர மகள் வீட்டிலையே நிமிர்ந்து கதைக்காதவள். 'அப்பா, ப்ளீஸ் டோன்ட் கெட் மேட்' எண்டு தன்ர படக் கொப்பியைக் கொண்டுவந்து விரிச்சாள். முழுக்க ஒரே பெடியன்ர முகம்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனது. இறங்க மனம் வரவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒரு எபிசோட் கிடக்குப் பிள்ளை, அதையும் பாத்திட்டுக் கதைப்பம் எண்டன்."

"அது எப்ப வருதுண்ணே?"

"வாற வெள்ளிக்கிழமை. அண்டைக்கு இரவு ஓவர்டைம் தரச் சொல்லி சூப்பர்வைசரிட்டைக் கேட்டிருக்கிறன்."