முப்பது வருசத்து வைன்

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திருப்பதியில் ஒரு வெளிநாட்டு மேனேஜர் வீட்டில் சமைக்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. ரேணிகுண்டா தாண்டியதும் அவள் சொன்னாள்:

“முப்பது வருசத்து வைனை எங்க நைனா வேட்டியில வடிகட்டிட்டேன்க்கா.”

மூத்தவள் வேர்க்கடலை தின்பதை நிறுத்தினாள். “அடிப்பாவி! அப்பா வேட்டியிலயா? எதுக்குடி?”

“ருசி பாக்க ஃப்ரெண்டுங்க வராங்க, பாட்டிலைத் தொறந்து ஜக்குல ஊத்தி வெக்கச் சொல்லிட்டு மேனேஜரு குளிக்கப் போய்ட்டாரு. ஊத்தினா, கடைசியில காபித்தூள் மாதிரி கசடு வருது. கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன். நைனா பழைய வேட்டியக் கிழிச்ச துணிதான் கையில கெடச்சுது. துவைச்சதுதான்க்கா.”

“பாத்துட்டாரா?”

“வடிகட்டிக்கினு இருக்கசொல்லவே வந்து நின்னாரு. வேலை போச்சுன்னு நெனச்சேன். அவரு சிரிக்கிறாரு! பழசுன்னா கசடு இருக்குமாம், துணியில வடிகட்டறதுதான் சரியாம்.”

“அப்பாடா! அப்படி இன்னாடி இருக்குது அதுல?”

“அந்த வருசம் திராட்சை அப்படி வெளைஞ்சுதாம். பங்காருபாளையம் மாங்காய்க்கு நம்மாளுங்க ‘அந்த வருசத்துக் காய் மாதிரி வராது’ன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி. எனக்கும் ஒரு வாய் குடுத்தாரு. நாவப்பழம் துன்ன மாதிரி துவர்த்துது.”

“தப்பிச்சே, போ.”

“துணி நல்லாக்குது, எங்க வாங்கினேன்னு கேட்டாரு. எங்க ஊரு நகரித் தறித் துணின்னேன்.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யாரு கட்டின துணின்னு மட்டும் கேக்கலக்கா.”