இருபத்தாறு வீட்டுப் பாயசம்

எனக்கு இனிப்பு ஆகாது, டாக்டரையா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கலியாணப் பந்தியில் பாயச வாளி தென்பட்டதுமே இலையை மூடிவிடுவேன். ஆகவே இந்தக் காரியத்தில் எனக்கென்று ருசி எதுவும் இருந்ததில்லை.

நீங்கள் கேட்பது உங்கள் கடிதத்தைப் பற்றி. தில்லைநாயகம் பிள்ளைக்கு நீரிழிவு முற்றிவிட்டது, சோறும் சர்க்கரையும் விஷம், போகிற வீடுகளுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று எழுதி, பாளையங்கோட்டையில் என் கையில்தான் கொடுத்தீர்கள். சரியான ஆளிடம்தான் கொடுத்தீர்கள். அவர் ஜில்லா ஜனசபையின் தலைவர், நான் காரியதரிசி. அவருக்கு முன்னால் ஊருக்குள் நுழைவது என் கடிதம்தான்.

சபையை ஆரம்பித்தது நான். அவர் இரண்டு வருஷம் கழித்து வந்தார். வந்த அன்றே தலைவரானார். பிரசங்கம் நான் எழுதுவேன், கைதட்டல் அவருக்கு. அதுகூடப் போகட்டும். வண்டியில் நான் சொன்ன வேடிக்கையை அவர் மேடையில் சொல்வார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதையே வீட்டில் நான் சொன்னால் என் மனைவி நீலாம்பாள், "பெறவு?" என்பாள். பிறகு ஒன்றுமில்லை, வேடிக்கை முடிந்துவிட்டது என்று நான்தான் விளக்க வேண்டும்.

இந்தத் தடவை சென்னைச் சட்டசபைக்கு எங்கள் பக்கத்தில் ஓர் இடம். ஓட்டு, ஜில்லா போர்டு மெம்பர்கள் முப்பத்தொரு பேருக்கு மட்டும். எதிரே ஜமீன்தார். சபை தில்லைநாயகம் பிள்ளையை நிறுத்தியது. அவர் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று, மாற்றாக என் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். 'மாற்று' என்ற அந்தச் சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு பேருக்கு மேடை எதற்கு? வீடு வீடாகப் போனால் போதும். போனால் இலை போடுவார்கள். பரிமாறியதை ஒதுக்கிவிட்டு எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம், ஓட்டும் போய்விடும். ஆகவே முப்பத்தொரு கடிதம் எழுதினேன். 'தலைவருக்கு இனிப்பென்றால் உயிர். வேண்டாம் என்பது கூச்சம். வற்புறுத்திப் பரிமாறவும்.' எழுத்து குண்டு குண்டாக வந்திருந்தது.

முதல் வீடு சீவலப்பேரி. மெம்பரின் சம்சாரம் பிரம்மநாயகி பாயசக் கரண்டியோடு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, கையை மறிக்கிய? நீங்க கூச்சப்படுவியன்னு காரியதரிசி முன்னமே எழுதிட்டாவ."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏன்வே, டாக்டரு வேண்டாம்னாருல்லா?"

"ஒரு கரண்டிதானே அண்ணாச்சி. அவுக மொகத்தப் பாருங்க."

பார்த்தார். குடித்தார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். வண்டி ஏறியதும் என் தோளில் கை போட்டு, "எம்மேல எம்புட்டுப் பிரியம்வே உமக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அன்றே அடுத்த ஊருக்கு ஞாபகக் கடிதமும் போட்டேன்.

பத்தாவது வீட்டுக்குப் பிறகு தாகம். படித்துறை கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்வார். செம்பு செம்பாக மொண்டு கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. இருபதாவது வீட்டில் காலில் புண். இருபத்தாறாவது சேரன்மகாதேவி. அங்கே அவர் மூச்சில் பழுத்த பழ வாடை அடித்தது.

"போதும்வே, திரும்பிருவோம்" என்றார்.

"இன்னும் அஞ்சு வீடுதான் அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் காலையில் எழுப்பினேன்; கண் திறக்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது உங்களுக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இரங்கல் உரையை நானே எழுதி நானே வாசித்தேன். யாரும் அழவில்லை. அவர் வாசித்திருந்தால் அழுதிருப்பார்கள்.

மாற்று மனுவை நான் வாபஸ் வாங்கவில்லை; ஓட்டுச் சீட்டு முன்பே அச்சாகிவிட்டதால் என் பெயரோடு அவர் பெயரும் அதில் இருந்தது. நேற்று எண்ணினார்கள். ஜமீன்தாருக்குப் பதினாலு. எனக்கு நாலு. மீதிப் பதின்மூன்று பேர், செல்லாது என்று தெரிந்தே, செத்தவருக்குப் போட்டிருந்தார்கள்.

ஆமாம், உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டவன் நான்தான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் போட்டேன். எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டரையா. செத்த பிறகாவது அவர் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.