குழாய்க்குள் ஒரு ஜோடி

— மூச்சை அடக்கிக்கிட்டுப் பாருங்க அண்ணி. கண்ணாடிக் குழாய் பனி மூடின மாதிரி ஆகுது.

— சும்மா இரு பாப்பா. ஆண்குளவி எங்க?

— மேல. கடுகுல பாதி கூட இல்லாத ஜீவனுக்கு என்னா பவுசு. ஜன்னல் வெளிச்சத்துல றெக்கை தேன் கலரா இருக்கு. பார்த்துக்கிட்டே இருந்தா நாமளும் உள்ள மிதக்குற மாதிரி இருக்கு.

— மிதந்தது போதும். பொண்ணு நம்ம வளர்ப்பு அறையிலேருந்துதானே?

— ஆமா. வெயில்ல மத்த குளவியெல்லாம் செத்தது போக, காலையில பொரிஞ்சு வந்த ஒத்தப் பொண்ணு. மாப்பிள்ளை வெளியூர்லேருந்து குளிர்ப்பெட்டியில வந்தவரு.

— அந்தப் பெட்டியில வந்தது நம்ம இனமே இல்ல. பார்க்க அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். நம்மளது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வச்சு அதைக் கொல்லும், அது நம்ம குளவியோட குஞ்சுக்குள்ளயே வைக்கும். அதுக்கு மீசை நுனி கறுப்பு, நம்மளதுக்கு இல்ல. நேத்தே லென்ஸ்ல பார்த்துட்டேன்.

— எங்க வீட்டுக்காரரு தோட்டத்துப் பக்கமே போறதில்ல. பப்பாளியெல்லாம் மாவுப்பூச்சி ஏறிப் பஞ்சு அப்பின மாதிரி வெள்ளையா நிக்குது. இந்தக் குளவி கிடைக்கலேன்னா வெட்டிச் சாய்ச்சுடலாங்கிறாரு. வயிறு எரியுது அண்ணி.

— எனக்கு மட்டும் எரியலையா? அதுக்காக எதையோ திறந்து விட்டா, சொந்தக்காரன் மாதிரி உள்ள வந்து குடியைக் கெடுத்துடும். வேற இனம்னா ஆண் அவளைத் திரும்பிக் கூடப் பார்க்காது. நம்ம கண்ணு ஏமாறும், அதுங்க ஏமாறாது.

— திரும்பிட்டான்.

— எங்க?

— அவ பக்கம். றெக்கையை விசிறுறான். சுத்திச் சுத்தி வர்றான். மீசையால மெல்லத் தட்டிப் பார்க்குறான்... அவளும் ஓடாம நிக்குறா அண்ணி.

— ஏத்துக்கிட்டாளா?

— ஏத்துக்கிட்டா.

— கடவுளே. அப்போ ஒரே இனம்தான். குளிர்ப்பெட்டியிலயே வளர்ந்து பொரிஞ்சதால கறுத்திருக்கு. குளிர்ல நிறம் ஏறும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான், என் புத்தி எங்க போச்சு? ஓடு பாப்பா, பெட்டியை எடுத்துட்டு வா. இப்பவே தோட்டத்துக்குப் போவோம்.

— அண்ணி.

— ஏன் நிக்குறே?

— மறந்துட்டீங்களா? நேத்து நீங்கதானே பெட்டியை ஃப்ரீசர்ல வச்சுக் கொன்னுடுன்னு சொன்னீங்க, அப்பவே வச்சுட்டேன். இவன் என் சட்டைக் கையில ஒட்டிக்கிட்டு வந்தான், அதனால தப்பிச்சான்.

— ஒன்னு கூட மிச்சமில்லையா?

— இவன்தான் மிச்சம்.

— அழாதே. அழாதேடி. குழாயை மட்டும் ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கோ. உன் தோட்டம் மொத்தமும் இப்போ அவ வயித்துலதான் இருக்கு.