சஹருக்கு வைத்த கைமா

இல்லை டாக்டரம்மா, நேற்று இரவிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடத் தொடவில்லை. சாப்பிட்டுவிட்டு இந்தக் குழாயை விழுங்கினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் கம்மி.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை, பாவம். நசீமுன்னிசா என்ற பேர் ஆம்பூரில் தெருவுக்கு நாலு இருக்கும். எண்பத்து மூன்று ரம்ஜானில் சர்தார் பாஷா என்று ஒருவருக்கு இதே ரூமில் நீங்கள் குழாய் விட்டீர்கள். அவர் சம்சாரம் நான். தொண்டைக்கு மருந்து அடிக்க நர்ஸம்மா வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வருஷக்கணக்காக வயிற்றுப் புண். கடைசியில் முந்தின நாள் தின்ற சோறு மறுநாள் அப்படியே வாந்தியாக வர ஆரம்பித்தது. இரைப்பையின் வாசல் புண்ணால் சுருங்கிப்போயிருக்கும், குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றீர்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆபரேஷன் முடிந்து எழுந்ததும் சைராவின் நிக்காஹ் என்று நாள்கூடப் பார்த்துவிட்டார்.

சைரா எங்கள் ஒரே பெண். அப்போது பத்தாவது படித்தாள். மாப்பிள்ளை யார் தெரியுமா? அந்தத் தோல் ஷாப் முதலாளி கலீல் சாயபு. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், என் புருஷனைவிட ரெண்டு வயசு மூத்தவர். ஷாப்பிலேயே பேசி முடித்துவிட்டு, ஒரு டப்பா மிட்டாயோடு வீட்டுக்கு வந்தார் என் புருஷன். சைரா அழுதாள். பெற்ற வயிறு எரிந்தது. அவளுக்காகத்தான் நான் எல்லாம் செய்தேன். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

குழாய் விடுவதற்கு முன்னால் நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அவர் வெளியே பீடி பிடிக்கப் போயிருந்தார்.

"ரெண்டு நாளைக்குக் கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்கம்மா. முந்தின நாள் ராத்திரியிலருந்து அதுவும் வேணாம். வயித்துல ஏதாச்சும் இருந்தா வாந்தி மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து."

நல்ல பெண், நன்றாக விளங்கும்படி சொன்னீர்கள். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்.

"டாக்டரு இன்னா சொல்லுது?"

"காலைல ஒண்ணும் சாப்பிடக் கூடாதாங்க."

"அவ்ளோதானா? நாம்பதான் நோன்புல இருக்கறமே. வேற இன்னா பட்டினி?"

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியும் கேட்காமல் பிடிவாதமாக நோன்பு வைத்த மனுஷன். விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் பொழுது சாயும்வரை எச்சில்கூட விழுங்க மாட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த பட்டினி. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

குழாய் விடுகிற அன்றைக்கு சஹருக்குக் கைமாவும் பரோட்டாவும் செய்தேன். மேலே கொஞ்சம் சேமியா. போதும் போதும் என்றார். பகல் முழுக்கத் தாங்க வேண்டாமா என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். என் நாத்தனார் அன்வரி பேகம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு என்ன உபசாரம் என்று கேலிகூடச் செய்தாள்.

இங்கே வந்ததும் நீங்கள் கேட்டீர்கள்.

"ஏதாச்சும் சாப்பிட்டாராம்மா?"

"நோன்புங்க டாக்டரம்மா," என்றேன்.

நீங்கள் சிரித்து, ரொம்ப நல்லதாப் போச்சு என்றீர்கள். ஒரு வார்த்தை பொய் நான் சொல்லவில்லை, நினைத்துப் பாருங்கள். குழாய் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓடினார்கள், வெளியே ஓடினார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். டாக்டரம்மா ஒழுங்காகச் சொல்லவில்லை, எங்கண்ணனைக் கொன்றுவிட்டாள் என்று அன்வரி பேகம் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். உங்களைக் கொஞ்ச நாள் இந்த ரூமுக்குள் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தாய்க்கு மகள்தானே முக்கியம்?

சைராவா? ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறாள். கலீல் சாயபு வீட்டில்தான்.

புருஷன் போனவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்ததும் அவர் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாகப் பேசினார்.

"இனிமே இந்த வீட்டுக்கு நீங்கதாம்மா பெரியவங்க. உங்க சம்மதம் இல்லாம நான் ஒரு அடி வைக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."

சைரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வேணாம்மா, வேணாம்மா என்று அழுதாள். பழகிவிடும் என்று அவள் கையை எடுத்துவிட்டேன். சம்மதம் என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கலீல் சாயபு மேல் எனக்கு என்றைக்கும் ஒரு குறையும் இல்லை. என் புருஷன் அந்த மிட்டாய் டப்பாவைத் திறக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அன்றைக்கே சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.