நாலாவது மனு

— மொதல்ல ‘கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு’ன்னு போடு, ஃபாஜில்.

— மச்சி, இது தாசில்தாருக்கு எழுதுற மனு இல்ல. கேம் கம்பெனிக்கு. அங்க ஐயாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது.

— அண்ணன் பொண்டாட்டிக்குன்னுகூடப் பாக்காம மூணு தடவை உன் இஷ்டத்துக்கு இங்கிலீஷுல அடிச்ச. மூணு தடவையும் என்ன பதில் வந்துச்சு? தமிழ்ல சொன்னியே, திருப்பிச் சொல்லு.

— எதுக்கு மச்சி, உங்களுக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

— ஆயிருச்சுதான். ‘உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. காரணம் தெரிவிக்க இயலாது.’ கொலை பண்ணவனுக்குக்கூட இன்ன செக்‌ஷன்னு சொல்லித்தான் உள்ள தள்ளுறாங்க. இந்த ஜஸீலா என்ன பண்ணிட்டா? இருபத்திரெண்டு நாளா என் கணக்கப் பூட்டி வச்சிருக்கானுவ!

— டென்ஷன் ஆவாதீங்க. கடைக்கு ஆளு வர்ற நேரம்.

— வரட்டும், ரீசார்ஜ் பண்ணிட்டுப் போவட்டும். இந்தா, இதெல்லாம் போட்டோ புடிச்சு மனுவோட சேத்து அனுப்பு.

— ஆதாரு, ரேஷன் கார்டு, நிக்காஹ் சர்டிபிகேட்டு... இது என்ன, பள்ளிவாசல் லெட்டர்பேடா?

— ஜமாஅத் செக்ரட்டரி யூசுப் ஹாஜியார் குடுத்தது. ‘இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், எந்தக் குற்றமும் இல்லாதவர்’னு எழுதி, சீல் குத்திக் குடுத்திருக்காரு.

— யா அல்லா! துப்பாக்கி சுடுற கேமுக்கு ஜமாஅத் லெட்டரா? ஹாஜியார்கிட்ட என்ன சொல்லி வாங்குனீங்க?

— ஆன்லைன் கணக்கு முடங்கிருச்சுன்னேன். அவரு பேங்க்குன்னு நெனச்சுக்கிட்டாரு. நான் ஏன் திருத்தணும்?

— சிரிக்கப் போறானுவ மச்சி, அந்த ஆபீஸுல.

— சிரிக்கட்டுமே. சிரிக்கிறதுக்காவது ஒரு மனுஷன் படிப்பான்ல.

— இவ்வளவு பாடு எதுக்குங்கறேன். புதுசா ஒரு கணக்கு தொறந்து தர்றேன், அஞ்சு நிமிஷம்.

— தொறந்தாச்சு போன வாரமே. உங்க அண்ணனுக்கு ரெக்வஸ்ட் அனுப்பினேன், சேத்துக்கல. வாய்ஸ் மெசேஜ்ல கேட்டா, ‘அவசரப்படாத, பழசு வரட்டும்’ங்கிறாரு. அந்தப் பழசுக்குத்தான் ஒங்கிட்ட வந்து நிக்கிறேன்.

— வெறும் கேமு மச்சி. விட்டுத் தள்ளுங்க.

— உனக்கு வெறும் கேமு. கேளு. கல்யாணம் ஆன நாப்பத்தோராவது நாளு பிளேன் ஏறினாரு உங்க அண்ணன். ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த நாட்டுல நெட்டுல கூப்பிட்டுப் பேச முடியாது. வெள்ளிக்கிழமை போன் போட்டா நாலு நிமிஷம், அதுல மூணு நிமிஷம் உங்க அம்மாவோட மூட்டு வலி. அந்தக் கேமுலதான்டா மஃரிப் தொழுதுட்டு ஒரு மணி நேரம் அவரு குரலக் கேப்பேன். அவருக்குப் புளிச்சகீரை ஆவாதுங்கிறதே அங்கதான் தெரியும். ஒரு செவத்துக்குப் பின்னாடி ரெண்டு பேரும் ஒளிஞ்சிருந்தப்ப சொன்னாரு. நாப்பது நாளும் நான் அதத்தான் ஆக்கிப் போட்டிருக்கேன்.

— அதான் ஃபேமிலி விசா வரப்போவுதே. நேருலயே பேசிக்கலாம்.

— இன்னைக்குத் தெரிஞ்சிரும்னாரு. டிக்கெட் நீதான போடணும், ஒனக்குத்தான் மெசேஜ் வரும்னாரு. பெட்டிகூட கட்டிட்டேன்.

— அப்புறம் என்ன?

— அது வேற, இது வேற. மேல ஒரு பழியோட போறதா? என்ன பழின்னும் தெரியாம? யாரத் திட்டினேன், யார ஏமாத்தினேன்? ‘வாய்க்காலுக்குள்ள எறங்குங்க, மடைக்குப் பின்னாடி படுங்க’ன்னு ஆளுங்களுக்கு வழி சொன்னேன். அது குத்தமா? கத்துக் குடுத்தது அவரு. அவரவிட நல்லா ஆடினேன். அதுவா குத்தம்?

— குத்தமே பண்ண வேணாம் மச்சி. பதினோரு பேரு ஒரே நாள்ல ரிப்போர்ட் அடிச்சா, மிஷினே பூட்டிரும். உள்ள மனுஷன் எவனும் பாக்கிறதில்ல.

— பதினோரு பேருன்னு யாரு சொன்னா?

— சும்மா, ஒரு பேச்சுக்கு.

— ஒரு பேச்சுக்குப் பத்தும்பாங்க, நூறும்பாங்க. எவன் பதினொண்ணும்பான்? உன் கிரிக்கெட் டீமுல எத்தன பேரு?

— மச்சி, அது வந்து...

— இங்க என் மூஞ்சியப் பாரு. எத்தன பேரு?

— அல்லா மேல ஆணையா, நான் வேணாம்னுதான் சொன்னேன்.

— யாருகிட்ட சொன்ன?

— அண்ணன்கிட்ட.

— யூனுஸா? அவரா பூட்டச் சொன்னாரு?

— சத்தம் போடாதீங்க. அங்க அண்ணன் ரூமுல எட்டு பேரு மச்சி. அண்ணன் போனு ஸ்பீக்கருலதான் ஓடும். கேமுல வர்ற பாலத்துக்கு நீங்க நம்மூரு குடமுருட்டிப் பாலம்னு பேரு வச்சீங்கல்ல? அதுலேருந்து ரூமே உக்காந்து கேக்க ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. ஒரத்தநாட்டுக்காரரு ஒருத்தரு, வயசாளி, மடை, வரப்புன்னு நீங்க சொல்லச் சொல்லக் கண்ணத் தொடச்சுக்குவாராம். அவரு ஒரு நாளு சொல்லிட்டாரு, ‘தம்பி யூனுஸு, உனக்கு டூட்டின்னா நீ வராட்டியும் பரவால்ல, அந்தப் பொண்ண வரச் சொல்லு’ன்னு.

— சரி.

— எல்லாரும் சிரிச்சிட்டானுவளாம். அண்ணனுக்குத் தாங்கல.

— ஒரு ஹெட்போன் வாங்கி மாட்டியிருந்தா முடிஞ்சுபோற விஷயம்டா. ‘ஜஸீலா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வாய மூடிக்கிட்டு ஆடியிருப்பேன். எங்கிட்ட கேக்க அவருக்கு வாயில்ல. பதினோரு பயலுவகிட்ட கேக்க வாய் இருந்துச்சா?

— டீமுல யாருக்கும் நீங்கன்னு தெரியாது. உங்க கேம் கணக்கு நம்பர் மட்டும்தான் குடுத்தேன்.

— அப்ப இந்த மூணு மனு?

— அனுப்பினது நெசம் மச்சி. ‘எழுதிக் குடு, கொஞ்ச நாள்ல ஆறிடுவா’ன்னான்.

— நல்லா இருக்குடா! பூட்டினதும் நீங்க, தொறக்க மனு எழுதுறதும் நீங்க. நடுவுல நான் ஒருத்தி, ஹாஜியார் வீட்டு வாசல்ல சீலுக்கு நின்னிருக்கேன். உங்க அண்ணன் காதுல என் குரல் விழணும்னு. த்தூ!

— தப்புதான். மன்னிச்சிருங்க. நாளைக்கே எல்லாரையும் கம்பெனிக்கு எழுதச் சொல்றேன்.

— ஒண்ணும் வேணாம். மனுவ அழி.

— அழிச்சிட்டேன். இருங்க, மெசேஜ் வந்திருக்கு. அண்ணன்தான். விசா வந்துருச்சு மச்சி! அல்ஹம்துலில்லாஹ்! ‘திங்கக்கெழமைக்கு டிக்கெட் போடவான்னு அவகிட்ட கேளு’ங்கிறான். என்னன்னு அடிக்கட்டும்?

— ‘உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. காரணம் தெரிவிக்க இயலாது.’